லேப் அண்ணன் பதில்கள்: வெள்ளை அணுவும் சாப்பாட்டுத் தட்டும்

மழை தொடங்கினால் காய்ச்சல், காய்ச்சல் வந்தால் எஃப்.பி.சி. (இரத்த அணுக்களை எண்ணும் பரிசோதனை), எஃப்.பி.சி. வந்தால் எனக்குக் கடிதம். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் நோய்க் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு பற்றித்தான், அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் டொக்டர் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரி ஆய்வுகூடங்களில் 31 வருடம் இரத்தம் எண்ணி ஓய்வு பெற்றவன். மருந்தைத் தொடங்குவதும் நிறுத்துவதும் உங்கள் டொக்டரின் வேலை, ரிப்போர்ட்டில் உள்ளதை விளங்கப்படுத்துவது என் வேலை.

தலவாக்கலைப் பக்கத்து வாசகி ஒருவர் (வாட்ஸ்அப்பில்): எனக்குத் தைரொயிட் கூடியதால் இரண்டு மாதமாகக் கார்பிமசோல் குடிக்கிறேன். நேற்றிலிருந்து தொண்டை நோவு, காய்ச்சல், வாயிலும் புண். தைரொயிட் கூடினால் சாப்பிடுவதெல்லாம் எரிந்துபோய் வெள்ளை அணுவும் குறையும் என்று தங்கச்சி சொல்கிறாள். சத்து மா கரைத்துக் குடித்தால் சரியாகுமா?

இவருக்கு அப்போதே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டேன், அதே மாத்திரை குடிக்கிற மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். சத்து மாவை ஒரு பக்கம் வையுங்கள். தைரொயிட் கூடினால் அனுசேபம், அதாவது உடம்பு சாப்பாட்டை எரித்துச் சக்தியாக்கும் வேலை, வேகமாகும், சாப்பிட்டாலும் மெலிவோம், வெள்ளை அணுவும் லேசாக இறங்கியிருக்கலாம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் பயப்பட வேண்டியது அதற்கில்லை. கார்பிமசோல் குடிப்பவர்களில் ஆயிரத்தில் சிலருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். போன வாரம் எடுத்த ரிப்போர்ட் நன்றாக இருந்தது என்பது இதில் சமாதானமில்லை. தொண்டை நோவு, காய்ச்சல், வாய்ப்புண் என்று வந்தால் அடுத்த வில்லையைப் போடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், “கார்பிமசோல் குடிக்கிறேன்” என்று முதல் வசனமாகச் சொல்லி, இரத்தம் எடுக்கவேண்டும். இவர் அன்று பின்னேரமே போனார். நல்லவேளையாக நியூட்ரோஃபில் 3,200 இருந்தது, சாதாரணத் தொண்டை அழற்சிதான்.

ஹட்டனுக்கு அடுத்த தோட்டத்திலிருந்து, கொழுந்து எடுக்கும் ஒரு அக்கா: காய்ச்சல் வந்து ஆறாம் நாள் எடுத்த ரிப்போர்ட்டில் டபிள்யூ.பி.சி. (வெள்ளை அணு எண்ணிக்கை) 3.4 என்று இருக்கிறது. போன வருடத்து ரிப்போர்ட்டில் 7,200. ஏழாயிரத்திலிருந்து மூன்றுக்கு வந்துவிட்டதா? காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகிறது, இன்னும் மலைக்கு ஏற இளைக்கிறது. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) ஒருத்தி பீட்ரூட் என்கிறாள், ஒருத்தி ஈரல், மாமி பப்பாசி இலைச் சாறு. எதைச் சாப்பிட்டால் ஏறும்?

அக்கா, மூன்று இல்லை, 3,400. சில லேப்கள் ஆயிரத்தை விட்டுவிட்டு 3.4 என்று அடிக்கும், சில லேப்கள் முழுசாக எழுதும். இரண்டும் ஒரே கணக்குத்தான். ஒரு ஊசிமுனைச் சொட்டு அளவு, அதாவது ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் பெரியவர்களுக்கு 4,000 முதல் 11,000 வரை இருக்கலாம். உங்களுடையது கொஞ்சம் கீழே. பாதாளத்தில் இல்லை.

அது ஏன் குறைந்தது என்பதற்கும் உங்கள் சமையலறைக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. பல வைரஸ் காய்ச்சல்களில் வெள்ளை அணு இறங்கும், டெங்கு என்றால் இன்னும் நன்றாக இறங்கும், இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் விழுவதற்கு முன்னாலேயே இது விழத் தொடங்கிவிடும். காய்ச்சலின் மூன்றாம் நாள் எஃப்.பி.சி. எடுக்கச் சொல்வது அதைப் பார்க்கத்தான். நமக்கு இங்கே குளிர், நுளம்பு குறைவு, டெங்கு வராது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் லீவில் வரும்போது காய்ச்சலையும் கொண்டுவருகிறார்கள். 2017ல் நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவான வருடத்தில் மலைநாட்டு லேப்களிலும் நாங்கள் இரவு பகலாக உட்கார்ந்திருந்தோம். காய்ச்சல் விட்டபின் வெள்ளை அணு தானாகவே ஏறும், இரண்டு மூன்று வாரத்தில் பழைய கணக்குக்கு வந்துவிடும். பீட்ரூட் சாப்பிட்டவருக்கும் ஏறும், சாப்பிடாதவருக்கும் ஏறும், பீட்ரூட் சாப்பிட்டவர் மட்டும் அதை ஊரெல்லாம் சொல்லுவார்.

அப்படியானால் சாப்பாட்டுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, வேறு மாதிரி. வெள்ளை அணு எலும்புக்குள் இருக்கும் மச்சையில் உற்பத்தியாகிறது. நியூட்ரோஃபில் மட்டும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய பத்தாயிரம் கோடி. ஏன் அவ்வளவு என்றால், சிவப்பு அணு 120 நாள் ஓடும், நியூட்ரோஃபில் இரத்தத்துக்குள் ஒரு நாள்கூடத் தாங்காது, போகப் போகப் புதிது வந்துகொண்டே இருக்கவேண்டும். உங்களுக்குத் தெரிந்த தேயிலை ஃபெக்டரியையே நினைத்துக்கொள்ளுங்கள். கொழுந்து வராவிட்டால் மெஷின் நிற்கும், ஆனால் இன்றைக்கு ஒரு சாக்கு கூடுதலாகக் கொட்டினால் நாளைக்கே இரண்டு மடங்கு தூள் வராது. மச்சையில் ஒரு நியூட்ரோஃபில் முதிர்ந்து வெளியே வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஆகவே நேற்றுச் சாப்பிட்ட ஈரல் இன்றைய ரிப்போர்ட்டில் தெரியாது, ஆறு மாதமாக எதைச் சாப்பிடாமல் விட்டோம் என்பதுதான் தெரியும்.

விடக்கூடாதவை நாலு: புரதம், ஃபோலேட், பி12 என்ற இரண்டு விட்டமின்கள், கொஞ்சம் செம்பு. நம் தோட்டத்துத் தட்டைப் பார்த்தால் காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும், பகலில் மலையிலும் அதே ரொட்டி, இரவில் சோறும் கிழங்குக் கறியும். வயிறு நிறைகிறது, அந்த நாலும் நிறைவதில்லை. ஒரு வேளை ரொட்டிக்குச் சம்பலோடு பருப்பும் சேரட்டும், இரவில் முட்டையோ ஒரு கை நெத்தலிக் கருவாடோ இருக்கட்டும், லயத்துக்குப் பின்னால் முளைக்கிற பொன்னாங்காணியோ வல்லாரையோ அவித்துக் கரைக்காமல் இரண்டு நிமிடம் வதக்கியது போதும், ஃபோலேட் சூட்டில் அழியும். ஈரல் சொன்னவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள், பி12, ஃபோலேட், செம்பு மூன்றும் அதில் இருக்கின்றன, வாரத்தில் ஒரு தடவை போதும், கர்ப்பிணிகள் வேண்டாம். பீட்ரூட்டிலும் ஃபோலேட் உண்டு, சாப்பிடுங்கள், ஆனால் சிவப்பாக இருப்பதால் இரத்தம் ஊறும் என்பது கண்ணின் கணக்கு. மாமியின் பப்பாசி இலைச் சாற்றை வைத்து நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் பிளேட்லெட் பற்றியவை. சாற்றை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் தாமதித்து, நினைவு தடுமாறியபின் தூக்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு வாரம் விட்டு ஒரு எஃப்.பி.சி. எடுங்கள். அப்போதும் நாலாயிரத்துக்குக் கீழே என்றால் “பிளட் பிக்சர் ஒன்று பார்க்கலாமா டொக்டர்” என்று நீங்களே கேளுங்கள். அதில் இயந்திரம் எண்ணுவதோடு நிற்காது, ஒரு மனிதர் கண்ணாடித் தகட்டில் பூசிய இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். ஒரு தடவை ஒரு பெரியவரின் தகடு வந்தது, சுத்த சைவம், பால்கூடத் தொடாதவர், பல வருடமாக. வெள்ளை அணு 3,000 சொச்சம். சாதாரண நியூட்ரோஃபிலின் கரு மூன்று, நாலு துண்டாக, கோர்த்த மணி போல இருக்கும். இவருடையதில் ஆறு, ஏழு மணி. அது பி12 குறைந்தவர்களின் கையெழுத்து. ஈரலில் பி12 சில வருடத்துக்குச் சேமிப்பு இருக்கும் என்பதால் விட்ட உடனே தெரியாது, தெரியும்போது கால் விறைப்பும் சேர்ந்து வந்துவிடும். ஊசி போட்டபின் அவர் ரிப்போர்ட் மெல்ல ஏறியது.

அக்காவுக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இன்னொன்று. கொரோனாக் காலத்தில் ‘எதிர்ப்புச் சக்திக்கு’ என்று ஃபார்மசியில் சிங்க் வில்லை வாங்கியவர்கள் சிலர் இன்னும் விடாமல் விழுங்குகிறார்கள். மாதக்கணக்கில் அதிக அளவு சிங்க் போனால் குடல் செம்பை உள்ளே எடுக்காது, செம்பு குறைந்தால் நியூட்ரோஃபில் குறையும். எதிர்ப்புச் சக்தியைக் கூட்டப் போய்க் காசு கொடுத்து அதைக் குறைப்பது இப்படித்தான்.

பண்டாரவளையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வாசகர், 46 வயது: எனக்கு எதிர்ப்பக்கம். இரண்டு வருடமாக எப்போது எடுத்தாலும் 11,500, 11,800. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. சீனி வருத்தம் எல்லையில் நிற்கிறது. ஒருவர் இரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்று பயமுறுத்திவிட்டார்.

ஐயா, உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள்: நாளைக்கு ஏழெட்டு சிகரெட், காலையில் பிளேன்டியோடு இரண்டு மீன் பணிஸ், இரவு கடை பூட்டிய பிறகு பத்து மணிக்குக் கொத்து ரொட்டி, இடுப்பு 40 அங்குலம். புகைப்பவர்களுக்கு வெள்ளை அணு மற்றவர்களைவிடக் கூடுதலாக ஓடும், நுரையீரலில் ஓயாத எரிச்சல் அல்லவா. வயிற்றுக் கொழுப்பு சும்மா கிடக்கிற பொதி என்று நினைக்கிறோம், அப்படியில்லை. அந்தக் கொழுப்புக் கலங்களும் அவற்றுக்குள் குடியேறிய வெள்ளை அணுக்களும் அழற்சியைக் கிளப்பும் இரசாயனங்களை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும், மச்சை அதைக் கேட்டுவிட்டு எங்கேயோ சண்டை நடக்கிறது என்று ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். இடுப்பு, சீனி, பிரஷர், கொழுப்பு என்று எத்தனை கூடுகிறதோ அத்தனைக்கு இந்த எண்ணிக்கையும் ஏறிப்போவதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். எடை குறைந்தால் இறங்கும். சிகரெட்டை விட்டாலும் இறங்கும், வாரங்களில் தொடங்கி மாதங்களுக்கு.

ஆள் கூடினால் காவல் கூடும் என்றும் இல்லை. சீனி ஏறிய இரத்தத்தில் நியூட்ரோஃபில் சோம்பேறி, கிருமி இருக்கும் இடத்துக்கு நகர்வதும் அதை விழுங்குவதும் மந்தமாகும். சீனி வருத்தக்காரருக்குக் காலில் ஒரு கீறல் மாதக்கணக்கில் ஆறாமல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணிக்கை 11,800, வேலை பார்ப்பவர் எத்தனை பேர் என்பது ரிப்போர்ட்டில் வராது.

புற்றுநோய்ப் பயத்துக்கு ஒரு பிளட் பிக்சர் எடுத்து முடித்துவிடுங்கள், இரண்டு வருடமாக நீடிக்கும் எண்ணிக்கைக்கு அது எப்படியும் எடுக்கவேண்டியதுதான். மூட்டு வலிக்கென்று யாரிடமாவது வாங்கிய பெயர் தெரியாத வில்லை குடிப்பவராக இருந்தால் அதையும் டொக்டரிடம் காட்டுங்கள், ஸ்டெரொயிட் வில்லை வெள்ளை அணுவை நன்றாக ஏற்றும். அப்புறம், சீனிக்கு மெட்ஃபோமின் தொடங்கினால், அது வருடக்கணக்கில் பி12-ஐக் குறைக்கும் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

நுவரெலியாவிலிருந்து உயர்தர உயிரியல் மாணவர்: சாப்பிட்டால் அனுசேபம் கூடுகிறது, அப்போது வெண்குழியங்களின் (வெள்ளை அணுக்களின்) எண்ணிக்கையும் மாறுமா? எஃப்.பி.சி.க்கு வெறும் வயிற்றோடு போகவேண்டுமா? மெஷின் இல்லாத காலத்தில் எப்படி எண்ணினீர்கள்?

தம்பி, கடைசிக் கேள்வியைக் கேட்டு என்னைக் குஷிப்படுத்திவிட்டீர், அதிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு பங்கு இரத்தத்துக்கு இருபது பங்காக வரும்படி டேர்க் திரவத்தில் கலக்குவோம். அதில் உள்ள அசற்றிக் அமிலம் சிவப்பு அணுக்களைக் கரைத்துவிடும், ஊதாச் சாயம் வெள்ளை அணுவின் கருவுக்கு நிறம் கொடுக்கும். நியூபவர் அறை என்று தடித்த கண்ணாடி ஒன்று, நடுவில் கண்ணுக்குத் தெரியாத கோடுகள். நாலு மூலையிலும் ஒவ்வொரு பெரிய சதுரம், அதற்குள் பதினாறு சின்னது. நாலு மூலையையும் எண்ணி 50 ஆல் பெருக்கினால் விடை. மேலே உள்ள அக்காவின் 3,400 என்பது என் காலத்தில் 68 அணு. போன வருடத்து 7,200 என்பது 144. கோட்டில் உட்கார்ந்திருக்கும் அணுவை மேல்கோடு, இடக்கோடு என்றால் எண்ணு, மற்ற இரண்டையும் விடு என்று ஒரு சட்டம் உண்டு. ஆறு அணு கூடக் குறையப் பார்த்தால் 300 மாறிவிடும், அதனால் ரிப்போர்ட்டில் 200, 300 வித்தியாசத்துக்கு முகம் வாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். இப்போதைய மெஷின் ஆயிரக்கணக்கில் எண்ணுகிறது, பிழை குறைவு, ஆனால் உடம்பு நிலையாக நிற்கவேண்டுமே.

சாப்பிட்டபின் வெள்ளை அணு சற்று ஏறும், எண்ணெயும் கொழுப்பும் கூடிய சாப்பாட்டுக்குக் கூடுதலாக. ஏறுவது சில நூறு அளவில்தான், ஆகவே எஃப்.பி.சி.க்குப் பட்டினி தேவையில்லை. பட்டினி கிடக்கச் சொல்வது சீனிக்கும் கொழுப்புக்கும். சாப்பாட்டைவிடப் பெரிதாக ஆட்டிவிடுவது ஓட்டமும் படபடப்பும். ஒரு நாள் ஒரு பெண் பஸ்ஸைத் தவறவிட்டு, ஆஸ்பத்திரி ஏற்றத்தை ஓடியே ஏறி, மூச்சு வாங்க வாங்கக் கையை நீட்டினார். எண்ணினால் 12,500. வாங்கில் அரை மணித்தியாலத்துக்கு மேல் இருத்திவிட்டு மறுபடி எடுத்தேன், 9,000. மூவாயிரத்து ஐந்நூறு அணு எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. நியூட்ரோஃபில்களில் கிட்டத்தட்டப் பாதி எப்போதும் இரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்பவர்களை மட்டும் எண்ணினால் லயத்து வாசலில் குந்தியிருப்பவர்கள் கணக்கில் வரமாட்டார்கள் அல்லவா, அது மாதிரி. ஓடினால் அட்ரினலின் சுரந்து வாசலில் இருந்தவர்களும் களத்துக்கு வந்துவிடுவார்கள். அதனால் ஒரு ரிப்போர்ட்டை இன்னொன்றோடு ஒப்பிட வேண்டுமானால் ஏறத்தாழ ஒரே நேரத்தில், ஆறி அமர்ந்து எடுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு அம்மா: ஒவ்வொரு வருடமும் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் ஒரு வேளை பாலும் பழமும்தான். விரதம் இருந்தால் வெள்ளை அணு குறைந்து நோய் வரும் என்று மகன் தடுக்கிறான்.

மகன் சொல்வதில் பாதி உண்மை. 2019ல் வந்த ஒரு ஆய்வில், ஆரோக்கியமானவர்கள் 19 மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தபோது மொனோசைட் என்ற ஒரு வகை வெள்ளை அணு இரத்தத்தில் குறைந்ததைக் காட்டினார்கள். எலிகளில் பார்த்தபோது அவை செத்துப்போகவில்லை, மச்சையிலேயே தங்கிவிட்டன, ஈரலுக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை என்று தெரிந்ததும் உடம்பு வெளியே அனுப்புவதைக் குறைத்துக்கொள்கிறது. நோய்க் கிருமியை எதிர்க்கும் திறன் அதனால் விழுந்துவிடவும் இல்லை. சாப்பிடத் தொடங்கினால் திரும்பி வரும். ஆகவே சுகமான உடம்புக்கு ஆறு நாள் விரதம் வெள்ளை அணுவைக் கெடுக்காது. மாதக்கணக்கில் அரைவயிறு கிடப்பது வேறு கதை, அப்போது மச்சையே சுருங்கும். நீங்கள் சீனிக்கு மருந்து குடிப்பவரா என்று எழுதவில்லை. குடித்தால், வெள்ளை அணுவுக்காக இல்லை, சீனி விழுந்து மயங்காமலிருப்பதற்காக டொக்டரிடம் கேட்காமல் விரதம் வேண்டாம். முருகன் கோபிக்கமாட்டார்.

லிந்துலையிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு ஏழு வயது. ரிப்போர்ட்டில் இயோசினோஃபில் 14 வீதம் என்று சிவப்பில் போட்டிருக்கிறார்கள். இரவில் இருமல், சில நாள் இழுப்பு. குளிர்ச்சி என்று தயிர், வாழைப்பழம், முட்டை மூன்றையும் நிறுத்திவிட்டேன். குறையவில்லை.

குறையாது தங்கச்சி, இயோசினோஃபில் என்ற அந்த வெள்ளை அணுவை அவை கூட்டவில்லையே. வீதத்தை மட்டும் பார்க்காதீர்கள், மொத்தத்தோடு பெருக்குங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் மொத்தம் 9,000, அதில் 14 வீதம் 1,260. 500 வரை இருக்கலாம், ஆகவே கூடுதல்தான். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது ஏறினால் முதல் சந்தேகம் இரண்டு: பூச்சி, இழுப்பு. கொக்கிப்புழு வெறுங்காலில் மண்ணிலிருந்து தோலைத் துளைத்து ஏறும், வட்டப்புழு கழுவாத கையிலும் மரக்கறியிலும் வரும், இரண்டுமே நுரையீரல் வழியாக ஒரு சுற்றுப் போய்த்தான் குடலுக்கு வருகின்றன, அந்த வழியில் இருமலும் வரலாம். இது நமக்குப் பழைய சொந்தம். 1916ல் ராக்ஃபெல்லர் நிறுவனம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது மாத்தளைத் தோட்டங்களில்தான் ஆரம்பித்தார்கள். நூறு வருடம் தாண்டியும் பிள்ளைகள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் பூச்சி மாத்திரை கேளுங்கள், கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இழுப்புக்கு டொக்டரிடம் காட்டி முறையாக மருந்து எடுங்கள். முட்டையையும் தயிரையும் நாளைக்கே திருப்பிக் கொடுங்கள். அதைச் சாப்பிட்ட ஒரு மணித்தியாலத்துக்குள் தோல் தடித்து, வாய் வீங்கி, வாந்தி என்று ஏதும் நடந்திருந்தால் மட்டும் அது ஒவ்வாமை, அப்போது டொக்டரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். மற்றப்படி நீங்கள் நிறுத்தியது குளிர்ச்சியை இல்லை, புரதத்தை. புரதம் குறைந்த பிள்ளைக்கு நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் என்ற சுரப்பி சுருங்கும், அங்கே பழகி வெளியே வரவேண்டிய லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணு குறையும், அப்புறம் உண்மையாகவே அடிக்கடி சளி பிடிக்கும். பூச்சி இருக்கும் வயிற்றில் பூச்சியும் பங்கு கேட்கும் என்பதை மறக்கவேண்டாம்.

ராகலையிலிருந்து ஒரு வரிக் கடிதம்: பிளேன்டி அதிகம் குடித்தால் வெள்ளை அணு குறையுமா?

குறையாது. தேயிலையில் இருக்கும் டனின் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், அதனால் பாதிக்கப்படுவது சிவப்பு அணு. சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிக்கும் பழக்கம் இருந்தால், பண்டாரவளை ஐயாவுக்கு எழுதியதை ஒரு முறை வாசியுங்கள்.